அனுமதி இல்லாத நாரை

மத்தியானம் கொட்டுகிற பனியில் சார்ஜென்ட் ப்யோ கடைக்குள் நுழைந்தார். தையல்காரி ஓக்பூன் மடியிலிருந்த குழந்தைப் போர்வையை மறைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

போர்வையின் நடுவில் பறக்கும் நாரை. எதிரே முகாமில் இருக்கும் படைப்பிரிவின் சின்னம்.

முகாம் வாசலில் உள்ள தையல் கடைகளுக்கெல்லாம் ஒரே சட்டம். சிப்பாய் அட்டையைக் காட்ட வேண்டும், அவன் சீருடையில் மட்டும் சின்னம் தைக்கலாம். மீறினால் கடைக்குப் பூட்டு. அதைக் கவனிக்கிற வேலை ப்யோவுடையது. போன மாதம்தான் பக்கத்துக் கடையில் நாரை போட்ட காப்பிக் கோப்பைகளை மூட்டை கட்டிக்கொண்டு போனார்.

யாருக்கு என்று கேட்டார்.

ஓக்பூன் சொன்னாள். சோரா என்று ஒரு பெண். நிறைமாசம். புருஷன் மலைமேல் எல்லைக் காவலில். பனியால் லீவு ரத்து. நான் வராவிட்டாலும் என் சட்டைத் தோளில் இருக்கிற நாரை பிள்ளைமேல் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அவள் இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் ஏறித் தாய்வீடு போகிறாள்.

"பிள்ளை எந்தப் பட்டாளத்துல இருக்கு?" என்றார் ப்யோ.

"இந்தப் படத்தை வரைஞ்சது ஒரு சிப்பாய்தானே ஐயா? சம்பளம் வாங்கிட்டு வரைஞ்சான். ஜனங்க பணம். அப்போ படம் ஜனங்களுக்குச் சொந்தமில்லையா?"

"படம் ஜனங்களோடது. பத்திரிகையில போடு, சுவத்துல மாட்டு. துணியில தைச்சா அது சின்னம். சின்னம் பட்டாளத்தோடது. பட்டாளம் குடுத்தாத்தான் உண்டு."

"நாரைகிட்ட கேட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டால் அனுமதி தருவார்களாம். அது வருவதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடும்.

"கத்தரிக்கோலைக் குடும்மா."

வட்டமாக வெட்டி எடுத்தார். நாரை அவர் பைக்குள் போயிற்று. போர்வையில் ஓட்டை.

"மனுஷன்தானா நீங்க?" என்றாள் ஓக்பூன். முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்துவிட்டாள். ப்யோ போகவில்லை.

வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்தது. தெரு, முகாம், மலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளைக்குள் போயின. அடுப்பு கதகதத்தது. கோபத்திலும் தூக்கம் வரும். வந்தது.

இத்தனை வருஷம் அவள் தைத்த நாரைகளெல்லாம் சிப்பாய்களின் தோளிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பின. நூலை உதறிவிட்டு ஜன்னல் வழியாகப் போயின. பனியும் சிறகும் ஒரே நிறம். எது விழுகிறது, எது பறக்கிறது என்று தெரியவில்லை. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"அக்கா."

கண் விழித்தாள். சோரா நின்றுகொண்டிருந்தாள், தோளில் பையோடு. ப்யோவைக் காணோம். எப்படிச் சொல்வது என்று ஓக்பூன் வார்த்தை தேடுவதற்குள் சோரா போர்வையை எடுத்து விரித்துவிட்டாள்.

"ஏன்க்கா, பழைய நாரையா வச்சுட்டீங்க? ஓரமெல்லாம் நைஞ்சிருக்கு."

ஓக்பூன் பிடுங்கிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. அந்த இடத்தில் வெயிலிலும் மழையிலும் வெளுத்த ஒரு நாரை. சுற்றிலும் கோணல்மாணலாகக் கைத்தையல். அவள் மெஷின் போட்ட தையல் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

பனிக்குள் ப்யோ முகாம் வாசலை நெருங்கிக்கொண்டிருந்தார். சாயம் போன அவர் கோட்டில், இடது தோளில் மட்டும் ஒரு வட்டம் வெளுக்காமல் கரும்பச்சையாக இருந்தது.