டிஸ்க்கா, மெமரியா

"மறுபடியும் மொதல்ல இருந்து படி நைனா. அவசரப்படாத."

காந்தா இரண்டு கைகளையும் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து விரலிலும் மஞ்சளும் எண்ணெயும். வாரம் ஆறு நாள் ஷெட்டில் இறால் உரித்துப் புண்ணான விரல்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவற்றுக்கு ஓய்வு. காகிதத்தைத் தொட முடியாது.

அதனால் அவள் அப்பா மாசிலாமணி படித்தான்.

முதியோர் வகுப்பில், நாற்பது வயதுக்குமேல் கற்ற எழுத்து. கீழே விரலை வைத்தால்தான் நகரும்.

மெட்ராஸ் கடை மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள் அது. முந்தாநாள் கம்ப்யூட்டரைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ், அப்புறம் ரயில் என்று போய்க் காட்டிவிட்டு வந்திருந்தான்.

"ஒன்று. மெமரி பெட்டி. பதினாறு கே, நாற்பத்தெட்டு கே ஆகும். சிஸ்டம் பழையதே. பழைய கேசட் ஓடும்."

"ம்."

"இரண்டு. டிஸ்க் டிரைவ். கூடவே புது சிஸ்டம். பழைய கேசட் ஓடாது."

எதை வாங்கினாலும் அதைச் செருகுவதற்குக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒரே ஒரு இடந்தான். ஒன்றை வைத்தால் மற்றதற்கு இடமில்லை.

வாங்கி அனுப்புகிறவர் ஜலாலுதீன் பாய். அவருடைய படகு எஞ்சினை ஒன்பது வருஷமாக மாசிலாமணிதான் பார்த்துக்கொள்கிறான். எந்த எஞ்சினும் அவன் கை பட்டால் பேசும் என்று பாய் நாலு பேரிடம் சொல்வார். அந்தப் பிரியத்தில்தான், துபாயிலிருந்து கொண்டுவந்து தன் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன கம்ப்யூட்டரையும் சின்ன டிவியையும் காந்தாவுக்குக் கொடுத்தார். இன்று பகல் பஸ்ஸில் மறுபடி துபாய்க்குக் கிளம்புகிறார். எது வேண்டுமென்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், நோன்புப் பெருநாளுக்கு ஊர் வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புவார்.

அது வந்தால்தான் காந்தாவுக்குப் பொன்னேரி.

அங்கே டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தும் செங்கல்வராயன், ஆனி மாதம் கம்ப்யூட்டரும் சொல்லித்தரப்போகிறார். இந்தப் பதினாறு கே கம்ப்யூட்டர் பாடம் நடத்தப் பத்தாது, மெமரியோ டிஸ்க்கோ சேர்த்துப் பெரிசாக்கிக்கொண்டு வா, நீதான் டீச்சர் என்று சொல்லியிருக்கிறார். வராவிட்டால் அந்த வேலைக்கு மீஞ்சூரில் ஒருவன் காத்திருக்கிறான். காந்தாவுக்கு மறுபடியும் இறால் ஷெட்.

"மெமரின்னா, அதே ஊட்டுல கூடத்த பெருசா கட்டிக்கிற மாதிரி," என்றாள் காந்தா. "ஆனா பழைய கேசட்டுதானே? ஒவ்வொரு பாடமும் உள்ள ஏற அஞ்சு நிமிஷம் கீச்சு கீச்சுனு கத்தும்."

"அது கேசட்டா?" வேலிக்கு அந்தப் பக்கம் மீன் நறுக்கிக்கொண்டிருந்த பொன்னியம்மாள் குரல் கொடுத்தாள். "நீ பூனைய கட்டிவெச்சி அடிக்கறன்னுதானே இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன்!"

காந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். மாசிலாமணியும் சிரிக்க வேண்டியிருந்தது.

அவர்கள் ஊர் தோணிரேவில் கரண்டு சொல்லிக்கொண்டு போவதில்லை. போனால் அதுவரை தட்டியதெல்லாம் போச்சு. மெமரி பெரிசானால் போவதும் பெரிசாகப் போகும். டிஸ்க் என்றால் நொடியில் எழுதி வைத்துவிடலாம். காந்தா இதையெல்லாம் மஞ்சள் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

ஆனால் டிஸ்க் வந்தால் பதினோரு கேசட்டும் குப்பை. இரண்டு வருஷம், ஷெட்டிலிருந்து வந்த கையோடு உட்கார்ந்து அவளே எழுதிச் சேர்த்த பாடங்கள்.

"ரெண்டும் வேணாம்னா?" என்று கேட்டுப் பார்த்தான்.

"இன்னா நைனா, வெளயாடறியா? ஷெட்டு மேஸ்திரி சிரிப்பான். டீச்சரம்மா வந்துட்டாங்க, கூடைய எடுத்துக் குடுங்கடான்னுவான்."

மஞ்சள் விரல்களை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"டிஸ்க்குன்னே எழுது. பதினோரு கேசட்டையும் மறுபடி அடிக்கறேன். இந்த வெரலுக்கு இறாலு மட்டுந்தானா?"

அவன் எழுதினான். டிஸ்க் டிரைவ். கூடவே புது சிஸ்டம். காந்தா எட்டிப் பார்த்தாள்.

"ஒரு தப்புகூட இல்ல நைனா! ஆமா, மெக்கானிக்கு தாள்ல கீழ இன்னும் இன்னாவோ எழுதிக்கீதே?"

"கடை விலாசம்மா," என்றான். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

தெருவில் இறங்கிப் பாய் வீட்டுப் பக்கம் நடந்தான்.

கீழே இருந்த அந்த மூன்றாவதை ரயிலிலேயே எட்டு முறை படித்திருந்தான். அதற்கு இப்போது தாளும் வேண்டாம், விரலும் வேண்டாம்.

"மூன்று. இரண்டில் எதையும் இதில் மாட்ட முடியாது. பின்னால் செருகும் தகட்டில் இருந்த மெல்லிய உலோகப் பூச்சை யாரோ உப்புத்தாளால் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இப்படியே ஓடும். இனி எதுவும் சேராது."

மெட்ராஸ் போவதற்கு மூன்று நாள் முன்னால், அவள் ஷெட்டுக்குப் போயிருந்த நேரம். உப்பு ஏரிக் காற்றில் அந்தத் தகடு பச்சை பூத்திருந்தது. எஞ்சின் பிளக்கைச் சுத்தம் செய்வது போலத்தான் செய்தான். இருந்ததிலேயே சன்னமான தாளாக எடுத்து, ஒவ்வொரு கோடாக, அரைநாள் உட்கார்ந்து.

சாயங்காலம் வந்தவளிடம் திருப்பிக் காட்டினான்.

"புதுசாட்டம் மின்னுது நைனா," என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.