இன்னொரு போன்

எந்த மாதம் என்று சரியாக நினைவில்லை. நடந்ததில் மட்டும் சந்தேகமில்லை.

வெளிநாட்டிலிருக்கும் கணவனின் குரலை மட்டும் கேட்டு அலுத்தவள், முகம் பார்த்துப் பேச, எரிந்துபோன வைஃபை ரவுட்டருக்குப் பதில் புதிது வாங்கினாள்.

“பழைய பேரு, பழைய பாஸ்வேர்டையே போடுங்க தம்பி. அவர் வெச்சது.”

“போட்டாச்சுக்கா,” என்றார் மாட்ட வந்தவர். “கம்ப்யூட்டர் வந்துடுச்சு, உங்க போன் வந்துடுச்சு... இன்னொரு போனும் தானா ஒட்டிக்கிச்சே? பேரு சிங்கக்குட்டியாம்!”

கணவனின் போனுக்கு விளையாட்டாக அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான்.

“அவர் கடல் தாண்டி இருக்காரே!”

“இந்த சிக்னல் தெருவையே தாண்டாதுக்கா.”

மாடியில் கணவனின் நண்பன் குடியிருந்தான். அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். திறந்தவன் கணவன்.

“வேலை போயிடுச்சு. உன் மூஞ்சில முழிக்கத் தைரியம் வரலை.”

நண்பன் மாடியைக் காலி செய்துவிட்டான். கணவன் உள்ளூரில் வேலைக்குப் போகிறான். அவள் இன்னும் அவனிடம் பேசவில்லை.