பின்பக்க முனகல்

"கிலோமீட்டரே ஆகலையே மாப்பிள்ளை. இப்பவே எதுக்கு டிஃபரன்ஷியல் ஆயில் மாத்தணும்?"

"மாத்திடலாம் மாமா. நாளைக்கு மலை ஏறி இறங்கணும். வண்டி நிறைய ஆளு வேற."

ஒரு வாரமாக இதே பாட்டு. வீட்டில் பல்பு மாற்றச் சொன்னால்கூட அப்புறம் பார்க்கலாம் என்கிற மனுஷன், பின்சக்கரங்களுக்கு நடுவில் கண்ணுக்கே தெரியாமல் தொங்கும் ஒரு பெட்டியின் ஆயிலுக்காக இப்படித் துடிப்பானேன்? மாமனாருக்கு உள்ளுக்குள் பயம் தட்டியது.

எதற்கெடுத்தாலும் பயப்படும் சுபாவம்தான் அவருக்கு. தெருவில் அவர் பெயரே 'பிரேக்'. தூறல் விழுந்தால் தன் காருக்கு உறை மாட்டிவிடுவார். மழைக்காலத்தில் ரயில் சுரங்கப்பாதைப் பக்கமே போகமாட்டார். ஒரு மணி நேரமானாலும் ஊரைச் சுற்றித்தான் போவார்.

போன மாதம் சாப்பிடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், கண் விழித்தது ஆஸ்பத்திரியில். ஆம்புலன்ஸில் கொண்டு வந்ததாக வீட்டில் சொன்னார்கள். "அவர் பயப்படுற மாதிரி எதையும் சொல்லாதீங்க" என்று டாக்டர் எல்லோரையும் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

அதன்பிறகு மருமகன்தான் வண்டி ஓட்டுகிறார். பின்சீட்டில் உட்கார்ந்தால் ரோடு தெரியாது என்று, இவர் முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

கொஞ்ச நாளாக, வேகம் எடுத்தால் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. நாளைக்குப் பேத்திகளோடு மலைப்பாதை. கண்ணை மூடினாலே பள்ளம்தான் தெரிந்தது. கடைசியில் அந்தப் பயம்தான் அவரை ஒர்க்‌ஷாப்புக்குச் சம்மதிக்க வைத்தது.

மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினார்.

ஒழுகியது ஆயில் மாதிரியே இல்லை. பால் கலந்த டீ மாதிரி இருந்தது.

"சார், உள்ளே தண்ணி போயிருக்கு."

"தண்ணியா?"

"ஆழமான தண்ணியில வண்டி இறங்கியிருக்கு. சாதாரணமா கிலோமீட்டர் பார்த்து மாத்தலாம். தண்ணியில இறங்கிட்டா அந்தக் கணக்கெல்லாம் செல்லாது, உடனே பார்க்கணும். இப்படியே மலைக்குப் போயிருந்தா பேரிங் போயிருக்கும். இறக்கத்துல பின்சக்கரம் பூட்டிக்கிட்டா..."

மெக்கானிக் வாக்கியத்தை முடிக்கவில்லை. மாமனார் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்ப இறங்கியிருக்கும்?"

"போன மாசம் பேய் மழை பெஞ்சுதே, அப்பவா இருக்கும்."

போன மாதம்! அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. அப்போது சாவி யாரிடம் இருந்தது?

மருமகனைத் திரும்பிப் பார்த்தார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாப்பிள்ளை... நீங்களா?"

"ஆமா மாமா. சுரங்கப்பாதையில."

"தண்ணி நிக்கிறது தெரியாம இறங்கிட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்."

நான் அங்கே சாகக் கிடக்கிறேன், இவருக்கு என் வண்டியில் நீச்சல் கேட்கிறது! தொண்டைவரை வந்த வார்த்தையை, மாப்பிள்ளை என்ற மரியாதை பிடித்து நிறுத்தியது.

"எவ்வளவு தண்ணி?"

"பாதிக் கதவு வரைக்கும்."

"நடுவுல நின்னுபோயிருந்தா?"

"அந்தப் பயம்தான் மாமா. கை காலெல்லாம் உதறிடுச்சு."

"அப்புறம் எதுக்கு இறங்குனீங்க?"

மருமகன் கீழே வழிந்த ஆயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க. இனிமே இந்த வண்டியை நீங்க தொடவேண்டாம். என் பேத்திங்க உயிரை உங்க கையில குடுக்க எனக்குத் தைரியம் இல்லை."

"சரி மாமா."

அந்தச் 'சரி' இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஒரு மன்னிப்பாவது கேட்கிறாரா பார்!

வண்டிக்குள் குனிந்து என்னவோ பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் திரும்பி வந்தார்.

"உள்ளேயும் ஈரம் நிக்குதான்னு கால் வைக்கிற மேட்டைத் தூக்கிப் பார்த்தேன் சார். பின்சீட்டுக்கு அடியில இது கிடந்துச்சு."

மூக்குக்கண்ணாடி. ஒரு பக்கத்துக் கம்பி முறிந்திருந்தது.

அவருடையதுதான். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் சாயும்போது மூக்கில் இருந்தது. ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது என்று சொல்லித்தான் மகள் புதுசு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

இந்த வண்டியின் பின்சீட்டில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்ததில்லை, சரி. படுத்திருந்தால்?

கண்ணாடியையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னை... ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனதாத்தானே எல்லாரும் சொன்னீங்க?"

மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சு மாமா."