சட்டைப் பையில் வெளிச்சம்

மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

பொன்வண்ணனின் சட்டைப் பையில் ஒரு வெளிச்சம்.

வெள்ளைச் சட்டை. மெல்லிய துணி. உள்ளே ஒரு போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது.



கல்லூரி நண்பர்கள் கூடும் இந்த வீட்டுக்குள் போன் கூடாது. வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி இட்லிக் கொப்பரையில் போட்டு மூடிவிடுவார்கள். பாட்டுப் போட்டுக் காட்டுகிறவர் மட்டும் தன்னுடையதை எடுத்து ஸ்பீக்கரோடு இணைக்கலாம். முடிந்ததும் மறுபடி கொப்பரைக்குள். பொன்வண்ணனும் வந்ததும் ஒரு போனைக் கொடுத்தான். பெரிய நல்ல பிள்ளை மாதிரி.

அப்படியானால் இது இரண்டாவது.

கொப்பரை வந்ததே போன வருடத்துக்குப் பிறகுதான். மாணவர்களே எடுக்கும் பிரைடு வீடியோ. ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் ஒளியாமல் நிமிர்ந்து நிற்கும் வீடியோ. ஒத்திகையில் ஜெரோம் இன்னொரு பையனின் கையைப் பிடித்திருந்ததை யாரோ போட்டோ எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது அவன் வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் மாமன்மார் வேனோடு வந்தார்கள்.

அதற்கப்புறம் ஜெரோம் கல்லூரிக்கு வரவில்லை. அந்த வீடியோவும் வரவில்லை. இந்த வருடம்தான் மறுபடி எடுக்கத் துணிந்து, அதற்குப் பாட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது.

பொன்வண்ணன் கபடி அணி. விடுதிப் பையன். இந்தக் கூட்டத்துக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? போன வாரம் தானாக வந்து, "லைட்டு ஸ்டாண்டு தூக்க ஆளு வேணுமாக்கா?" என்றான். ஆள் வேண்டியிருந்தது. சேர்த்துக்கொண்டார்கள். புத்தி எங்கே போயிற்றோ?

பாட்டு முடிந்தது. இழுவையான மெலடி. முதல் இரண்டும் அப்படித்தான். படம் பிடிக்கும்போது பாட்டைச் சத்தமாக வைத்துத்தான் வாயசைக்க வேண்டும். தெருவில் யார் காதில் விழுந்தாலும் உறுத்தாத பாட்டாகத் தேடினார்கள். பயந்து பயந்து தேடினால் வேறு எப்படி அமையும்?

ஆனால் அவளுக்கு இப்போது பாட்டில் மனம் இல்லை.

சற்று முன்னால்தான் அவள் எல்லோர் காதிலும் விழச் சொல்லியிருந்தாள். வீடியோவில் நானும் சஜிதாவும் ஜோடியாக முன்னால் நிற்கிறோம். முகத்தையே காட்டலாம்.

அதைச் சொல்லும் தைரியம் வருவதற்குள் படிப்பே முடியப்போகிறது. சொன்னதும் சஜிதாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, இதை முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றிருந்தது.

இப்போது அந்த வார்த்தையும் பைக்குள் போயிருக்கும்.

கோவில்பட்டியில் அப்பா பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வந்துவிடுவார். பரீட்சை, டிகிரி, சஜிதா, எல்லாம் போச்சு.

பொன்வண்ணன் ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு.

நன்றாகப் பதியட்டும் என்றுதானே? திருட்டுப் பயல்.

அவள் எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி அவன் பின்னால் போய், பைக்குள் கையை விட்டு உருவினாள்.

அவன் துள்ளி எழுந்தான். கபடிக்காரன். நினைத்திருந்தால் பிடுங்கியிருக்கலாம்.

பிடுங்கவில்லை.

திரையில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பெயர் இல்லை. எண் மட்டும்.

சஜிதா போய் வாசல் கதவை மறித்து நின்றாள்.

அவள் போனைக் காதில் வைத்தாள். வசவெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"ஏன்ல நிறுத்திட்டாங்க?" என்றது அந்தப் பக்கம். அடக்கிய குரல். "அங்க என்ன எழவா விழுந்துருக்கு? எல்லாம் ஒப்பாரியால்லா இருக்கு. ஒரு குத்துப்பாட்டு போடச் சொல்லுல."

ஜெரோம்.

பொன்வண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"என் ரூம்மேட்டுல்லாக்கா அவன். வீட்ட விட்டு வெளிய விடவே மாட்டக்காங்க. தங்கச்சி போன ஒளிச்சு வச்சுப் பேசுதான். பாட்டு எடுக்கதயாவது கேக்கணும்னான். அவன் பேரச் சொன்னா நீங்க பயந்து நிறுத்திருவீங்களாம், சொல்லாதன்னான்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

கொப்பரையைத் திறந்து தன் போனை எடுத்தாள். கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் மினிபஸ்ஸிலும் அலறும் ஒரு பாட்டு. அவர்கள் யாரும் சொல்லத் துணியாத பாட்டு. முழுச் சத்தத்தில் வைத்தாள்.

ஜன்னல் அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

பார்க்கட்டும்.

பொன்வண்ணனின் போனை ஸ்பீக்கர் அருகே பிடித்திருந்தாள். பிறகு ஆசை தாங்காமல் காதுக்குக் கொண்டுவந்தாள்.

அந்தப் பக்கம் திம் திம்மென்று ஒரு சத்தம். தாளம் தப்பாமல். வெறுங்கால் தரையில் விழும் சத்தம்.

ஜெரோம் ஆடிக்கொண்டிருந்தான்.

அங்கே, அவன் பக்கத்தில், கதவு தட்டப்பட்டது. முதலில் மெதுவாக. அப்புறம் ஓங்கி. ஓர் ஆண்குரல் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது.

பாட்டை நிறுத்தச் சொல்லி அவள் கையைத் தூக்கினாள்.

கால் சத்தம் நிற்கவில்லை.

தூக்கிய கையை அவள் கீழே இறக்கினாள்.