ஒரே பொத்தான்

“அந்தப் பெட்டியை எழுதின கை விளங்குமா?”

லேபிள் பிரிவு அக்கா சத்தமாகவே கேட்டாள். கேட்க வேண்டியவர் நாலு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பார்சல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். போன மாதம் வரை எல்லோருக்கும் அவர் ‘சார்’. இப்போது ‘பெட்டிக்காரர்’.

விஷயம் இதுதான். மாலை ஐந்தரைக்கு வேலை முடியும். சரியாக அந்த நேரத்துக்கு எல்லோருடைய திரையிலும் ஒரு பெட்டி குதிக்கும். ‘இன்று கூடுதலாக இரண்டு மணி நேரம் வேலை செய்ய மனமார விரும்புகிறேன்.’ கீழே ஒரே ஒரு பொத்தான். ‘சம்மதம்.’

‘சம்மதமில்லை’ என்று ஒன்று கிடையாது. எஸ்கேப் கீயை அழுத்தினால் பெட்டி மறையும். கண்ணை மூடித் திறப்பதற்குள் மறுபடி வந்து நிற்கும். சம்மதத்தை அழுத்தாமல் வீட்டுக்குப் போனால், அன்றைக்கு நீங்கள் வேலைக்கு வந்ததாகவே பதிவாகாது. என்ன அநியாயம் பாருங்கள்! கழுத்தைப் பிடித்துக்கொண்டு ‘மனமார’ என்று எழுதி வாங்குகிறார்கள்.

“இதுக்குப் பேர் டயலாக் பாக்ஸாம்” என்றாள் அக்கா. “டயலாக்னா ரெண்டு பேர் பேசணும். இங்க பெட்டி மட்டும்தான் பேசுது.”

பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். “அவர் என்னக்கா பண்ணுவார்? மேனேஜர் சொன்னதைச் செஞ்சார்.”

“சொன்னா செஞ்சிடறதா? கம்ப்யூட்டருக்கு நாலு வரி உத்தரவாம், ஷெல் ஸ்கிரிப்ட்டாம், பெருமையா மேனேஜர் சொல்றார். நாலு வரி எழுதத் தெரிஞ்சவருக்கு, முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?”

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட கணவருக்கு இந்தச் செவ்வாயிலிருந்து தினமும் ஆறேகால் மணிக்கு ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி. அவரை மாடிப்படியில் இறக்கிக் கூட்டிப்போக இவள் போனால்தான் உண்டு. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த இடம் நாலு மாதம் கழித்துத்தான். செவ்வாய்க்கிழமை ஏற்கெனவே போய்விட்டது. இன்று புதன்.

மத்தியானம் பெட்டிக்காரர் ஒரு புதுக் கீபோர்டோடு அவளிடம் வந்தார்.

“உங்க எஸ்கேப் கீ சரியா வேலை செய்யலை. மாத்திடறேன்.”

“வெளிய போற வழியை அடைச்சிட்டு, கதவுக்குப் புதுப் பிடி மாட்ட வந்தீங்களா?”

அவர் மேசைக்கடியில் குனிந்து ஒயரைச் சொருகினார். நிமிர்ந்ததும் மேனேஜர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். “சம்மதத்தை அழுத்தறதுக்கு முன்னாடி இதை அழுத்துங்க. விடாம அழுத்துங்க. மத்தவங்ககிட்டயும் சொல்லுங்க.”

அக்காவுக்கு வந்ததே ஆத்திரம்.

“நக்கலா? வீட்டுல ஒரு மனுஷன் சட்டையை மாட்டிக்கிட்டு, என்னை எதிர்பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நான் இங்க விளையாடணுமா? சோத்துல உப்புப் போட்டுத்தான் சாப்பிடறீங்களா?”

அறையே திரும்பிப் பார்த்தது. அவர் பழைய கீபோர்டை இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை பெட்டி வந்தது. அக்கா எஸ்கேப்பைக் குத்து குத்தென்று குத்தினாள். அவர் சொன்னதற்காக இல்லை, ஆத்திரத்தில். கடைசியில் சம்மதத்தை அழுத்தி அழுதாள். புதனும் போயிற்று.

வியாழன் மாலை ஐந்து மணிக்குத் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்து நின்றார். யாரோ பெயர் போடாமல் புகார் எழுதியிருந்தார்களாம்.

மேனேஜர் அசரவே இல்லை. “இங்க கட்டாயமே கிடையாது மேடம். எல்லாரும் விரும்பித்தான் இருக்காங்க. தினமும் ஒவ்வொருத்தர்கிட்டயும் சம்மதம் வாங்கிடறோம்.”

“அந்தப் பதிவைப் பார்க்கலாமா?”

“தாராளமா!” மேனேஜர் பெட்டிக்காரர் பக்கம் திரும்பினார். “ஏம்பா, முழுசா எடுத்துக் குடு. நமக்கு மறைக்க என்ன இருக்கு?”

அக்கா பல்லைக் கடித்தாள். அவளுடைய சம்மதமும் அதில் இருக்கும், அவள் கையாலேயே அழுத்தியது. இனிமேல் அவள் பேச்சை யார் நம்புவார்கள்?

இருபது பேருக்கு நாலைந்து தாள் வரும் என்று மேனேஜர் நினைத்திருப்பார். பிரிண்டர் நிற்கவே இல்லை. தாள் கட்டுக்கட்டாக வந்து விழுந்தது.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார். “லேபிள் பிரிவு, புதன். ஐந்து முப்பது, பெட்டி காட்டப்பட்டது. ஐந்து முப்பது, எஸ்கேப். ஐந்து முப்பது, எஸ்கேப். ஐந்து முப்பத்தொன்று, எஸ்கேப்…” விரல் வரிவரியாக இறங்கியது. “நாற்பத்தோரு தடவை எஸ்கேப். அப்புறம் ஒரு சம்மதம்.” அடுத்த தாளைப் புரட்டினார். “பேக்கிங் பிரிவு. இருபத்தாறு எஸ்கேப், ஒரு சம்மதம்.”



“இதுதான் மனமார விரும்பறதா சார்?” என்றார் அதிகாரி. பிறகு அறையைப் பார்த்து, “மணி அஞ்சரை ஆச்சு. போக வேண்டியவங்க போங்க. உங்க வருகைக்கு நான் பொறுப்பு.”

ஆறேகாலுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டாள். வாசலுக்கு ஓட வேண்டியவள், நாலாவது மேசையைக் கடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. “சம்மதத்தைத்தானேய்யா பதிவு பண்ணச் சொன்னேன்? யாரைக் கேட்டு இதையெல்லாம் எழுதினே?”

பெட்டிக்காரர் எழுந்து நின்றார்.

“ஒரே பொத்தான் வைக்கச் சொன்னீங்க சார், வெச்சேன். அவங்க வேண்டாம் வேண்டாம்னு அழுத்தினதைக் காதுல வாங்காதேன்னு நீங்க சொல்லவே இல்லையே.”