பத்து வயது ஜெமிமா

ஜெமிமா பிறந்த வருஷமே அம்மா மேபல் அவள் பேரை ஒரு கிறிஸ்தவ ஊழியத்தின் பிறந்தநாள் ஜெபத்தில் சேர்த்திருந்தாள். பிறந்தநாள் தோறும் காலை ஆறு மணிக்குப் போன் வரும். ஊழியத்தை நடத்தும் அய்யாவின் குரலில் கம்ப்யூட்டரே பேசி, வயதுக்குத் தகுந்தபடி ஜெபிக்கும். ஆறு வயதில் மஞ்சள் காமாலை பிள்ளையைக் கொண்டுபோனதை யாரும் அங்கே சொல்லவில்லை. மறுவருஷமும் போன் வந்தது. "ஏழு வயசாகிற எங்கள் ஜெமிமாவுக்கு நல்ல சுகம் தாரும் ஆண்டவரே." எட்டில் அவளுடைய கணக்குப் பரீட்சைக்காக ஜெபித்தது. ஒன்பதில் நல்ல தோழிகளைக் கேட்டது. கல்லறைத் தோட்டத்தில் கிடந்த பிள்ளை அந்தப் போனுக்குள் வளர்ந்துகொண்டிருந்தாள். மேபல் முழங்காலில் நின்று வரிக்கு வரி ஆமென் சொன்னாள்.

இந்த வருஷம் ஏழு மணியாகியும் போன் வரவில்லை.

"நான்தான் பேரை எடுக்கச் சொல்லிட்டேன். போதும் மேபல்," என்றான் கணவன் ராஜாசிங், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவன் வேலைக்குப் போனதும் அவள் ஊழிய அலுவலகத்தைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"பிறந்தநாள் ஜெபத்துக்குப் பிள்ளை பேரைச் சேக்கணும் சிஸ்டர். ஜெமிமா. இன்னைக்குப் பத்து முடியுது."

"ஸ்தோத்திரம்! பிள்ளை பக்கத்துல இருக்காளாம்மா? போனைக் குடுங்க, நானே ஒரு வார்த்தை ஜெபிச்சிருதேன்."

மேபல் போனைத் தன் காதிலிருந்து எடுத்து, பத்து வயதுப் பிள்ளையின் காது இருக்கும் உயரத்துக்கு இறக்கிப் பிடித்தாள்.