டப்பா காட்டுற வழி

"ஃபோன்லயே மேப் இருக்கும்போது தனியா எதுக்குங்க இந்த டப்பா?"

கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கின கையோட, எவனோ வேண்டாம்னு கழட்டிப் போட்ட ஒரு ஜிபிஎஸ் டப்பாவையும் வாங்கிட்டு வந்து கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கார் என் வீட்டுக்காரர் வெங்கட்.

"ஃபோனு சூடாவும் கவி. நடுவுல கால் வந்தா மேப்பு மறைஞ்சிடும். இதுன்னா அது பாட்டுக்கு வழி சொல்லிகினே வரும்."

நல்லா சொல்லிச்சு போங்க! வெள்ளானூர்லேருந்து அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்குப் போக நேர் ரோடு இருக்கு. இந்த டப்பா ஆவடியைச் சுத்தித்தான் கூட்டிட்டுப் போகும். வயித்துல ஏழு மாசம். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் உயிர் போய் உயிர் வருது.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். அந்த வழியிலதான் எங்க அப்பா இருக்கிற குவார்ட்டர்ஸ் இருக்கு.

நான் வெங்கட்டைக் கட்டிக்கிட்ட அன்னிக்கு, "இனி எனக்கு மகளே கிடையாது"ன்னு சொன்னவர் எங்க அப்பா சுப்பராயன். கோவில்பட்டிக்காரர். சொன்னா சொன்னதுதான். அம்மா போனப்புறம் எனக்குன்னு இருந்தது அவர் ஒருத்தர்தான். எத்தனையோ தடவை ஃபோன் பண்ணிட்டேன், எடுக்கல. வளைகாப்புக்கு ஆள் விட்டுச் சொன்னேன், வரல. பொறந்த வீட்டு வளையல் ஒண்ணுகூட இல்லாம, நாத்தனார் போட்ட வளையலோட மனையில உட்கார்ந்திருந்தேன்.

குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் என்னால பார்க்காம இருக்க முடியாது. யாராவது சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வெளியே வந்தா நெஞ்சு அடிச்சுக்கும். அவரா இருக்காது. அப்பாவைப் பார்க்கணும் போல இருக்கும். ஜன்னல் பக்கமே மூஞ்சியை வச்சுக்கிட்டு அழுவேன்.

என் வீட்டுக்காரர் கண்டுக்கவே மாட்டார். அதுவும் அந்த இடம் வந்தாத்தான் வண்டியை சாமி ஊர்வலம் கணக்கா உருட்டுவார். மனுஷனா இவர்னு தோணும்.

இன்னிக்கு கார் கிளம்பினதுமே வெடிச்சுட்டேன்.

"ஏங்க, அந்த ரோட்டுல போனா எனக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நான் இன்னா பண்றது கவி? டப்பா அப்டித்தானே காட்டுது."

"டப்பாவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

அதைப் பிடுங்கிப் பின்சீட்டுல கடாசினேன். அவர் சட்டைப் பையிலேருந்து ஃபோனை உருவி மேப்பைப் போட்டேன். ஆவடிப் பக்கமே போகாம, சமத்தா நேர் ரோட்டைக் காட்டுச்சு.

"ஃபோனைக் குடு கவி." அவர் குரலே மாறிப்போச்சு. "அடம் புடிக்காத, குடு."

"ஏன்? இதுல என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அதுக்குள்ள ஃபோன் அடிச்சது. 'பாபு மெக்கானிக்'னு வந்தது.

"எடுக்காத! அப்பால நான் பேசிக்கிறேன்."

"மெக்கானிக்தானே? நானே பேசறேன். இந்த டப்பாவை எடைக்கு எடுத்துப்பாரான்னு கேக்கறேன்."

ஸ்பீக்கரைத் தட்டினேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அந்தப் பக்கத்துலேருந்து குரல் வந்துடுச்சு.

"மாப்ள, கிளம்பியாச்சா? நான் கேட்டுக்கு எதுத்தாப்ல டீக்கடையில வந்து நிக்கேன்."

எங்க அப்பா!

வெங்கட் வண்டியை ஓரங்கட்டினார். அப்பா பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தார்.

"வழக்கம்போல மெதுவா வாங்க. ஒரே ஒரு உதவி மாப்ள... அவ எப்பவும் கேட்டையே பார்த்துக்கிட்டுப் போயிருதா. எம் மக முகம் எனக்குத் தெரியவே மாட்டேங்கு. இன்னைக்காவது இந்தப் பக்கம் திரும்புற மாதிரி ஏதாச்சும் பேச்சுக் குடுங்களேன்."